ஆத்துமாவுக்குச் சாதி இல்லை, உடலுக்கு?

ஏலம், ஏலத்துக்கு வரும் ஊர் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில், தேனி மாவட்டத்தின் விளிம்பில், மணம் கமழ அமர்ந்திருக்கும் வாணிக நகரம் அது. மலைமேல் விளைந்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கி வருகிறது. பருமன் பார்க்கிறார்கள், பச்சை மங்கிவிட்டதா என்று பார்க்கிறார்கள், விலை கூறுகிறார்கள். அந்தக் காயைச் செடியின் தூரடியில் குனிந்து குனிந்து கொய்தெடுத்தவளோ, பொழுது புலருமுன் ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, மலை வளைவுகளைக் கடந்து தோட்டம் போய், அந்தி சாயும் வேளையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். காய்க்குத் தரம் உண்டு. தரத்துக்கேற்ற விலை உண்டு. அவள் யார்? வெறும் உடலா? உடலுக்குள் வேறொன்று குடியிருக்கிறதா? தோட்டத்துக் கணக்கன் அவளை 'ஓர் ஆள்' என்று எழுதிக்கொள்கிறான். ஊரார் அவள் சாதியைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். கிறித்துவ மறையோ மூன்று சொற்களில் விடை கூறுகிறது: ஆவி, ஆத்துமா, சரீரம்.

வாசனைப் பொருளுக்குரிய ஏலம் என்ற பெயர் நம்முடையது. கூவி விற்பதைக் குறிக்கும் ஏலம் என்ற சொல்லோ போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. பாதிரி என்ற சொல்லும் அவர்கள் தந்ததே! விலை கூறும் சொல்லும் வேதம் கூறுவோரின் பெயரும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்பதை எண்ணிச் சற்றே புன்னகைத்துவிட்டு, மேலே செல்வோம்.

ஆவியையும் ஆத்துமாவையும் நம்பாத நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். மனிதன் இன்னது என்று ஒரு மதம் வரையறுத்ததும், அவனை எங்கே உட்கார வைப்பது, யாரோடு உண்ண வைப்பது, எங்கே புதைப்பது என்பதெல்லாம் அந்த வரையறையிலிருந்தே கிளைக்கின்றன. தத்துவம் ஏட்டிலே இருக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. அது பந்திக்கும் பாடைக்கும் வரும்போதுதான் அதன் நிறம் தெரிகிறது. நானூறு ஆண்டுகளாக மதுரைச் சீமையிலும் ஏலமலைச் சரிவுகளிலும் அது எப்படி வந்தது என்பதே நம் கதை.

எபிரேயரின் பழைய ஏட்டிலே மனிதன் உருவான கதை எளிமையானது. கடவுள் மண்ணை எடுத்தாராம், உருவாக்கினாராம், மூக்கிலே மூச்சை ஊதினாராம், மண் உயிருள்ள ஆளாயிற்றாம். இதிலே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 'நெபேஷ்' என்ற எபிரேயச் சொல்லைத்தான் பின்னர் ஆத்துமா என்று பெயர்த்தார்கள். அந்தச் சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிர், ஆள் என்றெல்லாம் பொருள். மண்பொம்மைக்குள் நெபேஷ் ஒன்று நுழைந்தது என்று கதை கூறவில்லை. மண்ணும் மூச்சும் கூடி நெபேஷாகவே ஆகிவிட்டது என்று கூறுகிறது. 'ரூவா' என்பது காற்று, மூச்சு. 'பாசார்' என்பது ஊன். கூண்டும் கிளியுமாக மனிதனைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஆடு மேய்த்த மக்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழனுக்கு இது புரியாத புதிரல்ல. பானையிலிருந்து எழுவது ஆவி. நெஞ்சிலிருந்து எழும் பெருமூச்சும் ஆவி. போனால் திரும்பாத உயிரும் ஆவி. போன பிறகு அச்சுறுத்துவதாகக் கதை கட்டப்படுவதும் ஆவி. நம் இலக்கணமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எழுத்தையே உயிர் என்றும் மெய் என்றும் வகுத்து, மெய் தனித்தியங்காது, உயிரோடு கூடினால்தான் ஒலிக்கும் என்று கண்டு, இரண்டும் கூடியதை உயிர்மெய் என்றே அழைத்தது. உடலுக்கும் மெய் என்று பெயர், உண்மைக்கும் மெய் என்று பெயர் என்றால், உடலைப் பொய்யென்று தள்ளாத ஒரு கூட்டம் படைத்த சொல்லல்லவா அது! ஆனால் திருமறையைத் தமிழாக்கியோர் தேர்ந்தெடுத்த மூன்று சொற்களில் ஆவி மட்டுமே தமிழ். ஆத்துமாவும் சரீரமும் வடமொழி வரவு. ஆத்துமா என்ற அந்தச் சொல் தனியாக வரவில்லை. பிறவிச் சுழல், முன்வினை, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பழைய சுமை முழுவதையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது.

கிரேக்க நாட்டிலும் இதே கதைதான். உடல் என்பது உயிரின் சிறை என்று பிளேட்டோவின் வழியினர் கற்பித்த மண்ணிலே கிறித்துவம் பரவியது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலின் முடிவில் ஆவி, ஆத்துமா, உடல் என்று மூன்றையும் அடுக்கிவிட்டார். அவ்வளவுதான்! மூன்றா இரண்டா என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடினார்கள். மூன்றாகப் பிரித்து அதன்மேல் கோட்பாடு கட்டிய அப்போலினாரிஸ் என்ற ஆயரின் கொள்கை கி.பி. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் தள்ளப்பட்டது. 1312-இல் வியன்னே சங்கம் கூடி, பகுத்தறியும் ஆத்துமாவே மனித உடலின் வடிவம். அதை மறுப்பவன் சபைக்குப் புறம்பானவன் என்று தீர்த்தது. இந்தச் சண்டைகளின் நுணுக்கத்திலே நாம் மூழ்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முடிந்து வைத்துக்கொள்வோம்: உடல் இழிந்ததன்று, ஆத்துமாவோடு இரண்டறக் கலந்தது, இறுதி நாளில் உடலே எழும் என்பது அவர்களின் அறிக்கையிடப்பட்ட கொள்கை. செத்த உடல் எழும் என்பதை நாம் ஏற்கவில்லை. ஆனால் உடலுக்கு இத்துணை மதிப்பளிப்பதாகச் சொல்லும் மதம், உயிரோடிருந்த உடலை எப்படி நடத்தியது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார் இராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி. அன்று நாயக்கர் ஆட்சி. போடிநாயக்கனூரும் அவர்தம் பாளையங்களுள் ஒன்று. நொபிலிக்கு முன்பே அங்கே ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் ஆண்டுக்கணக்கில் உழைத்தும், மதுரை மக்கள் மதம் மாறவில்லை. காரணத்தைத் தேடினார் நொபிலி. பறங்கி மாட்டிறைச்சி உண்பவன், குடிப்பவன், கண்டவரோடு கூடி உண்பவன். ஆகவே அவன் மதம் தீண்டத்தகாத மதம் என்று உயர்சாதியார் கருதியதைக் கண்டார். உடனே காவி உடுத்தார். பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார். பறங்கியர் வீட்டை விட்டு வேறு வீடு புகுந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயரும் பூண்டார்.

அவருடைய அறிவை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். தமிழிலே தத்துவ உரைநடை எழுதிக் குவித்தவர் அவர். 'ஆத்தும நிருணயம்' என்றொரு நூல். 'புனர்சென்ம ஆட்சேபம்' என்றொரு நூல். மறுபிறவி இல்லை என்று வாதிட்டார். ஓர் உடலுக்கு ஓர் ஆத்துமா. அது முன்பு எங்கும் பிறந்ததில்லை, பின்பு எந்த விலங்கிலும் புகப்போவதில்லை. எண்ணிப் பாருங்கள் தோழர்களே, இது எங்கே போய் இடிக்கிறது என்று! முற்பிறவி இல்லையென்றால் முற்பிறவிப் பாவம் ஏது? பாவம் இல்லையென்றால் சேரியிலே பிறந்தவன் தண்டனையாகப் பிறந்தான் என்று கூற வழி ஏது? சனாதனம் எழுப்பிய மாளிகையின் கடைக்காலிலேயே கடப்பாரை வைத்தார் அவர்.

வைத்தவர் ஏன் நெம்பவில்லை? பூணூல், குடுமி, சந்தனம், தனிப்பந்தி ஆகிய அனைத்தும் சமூக வழக்கங்கள். மதத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கிறித்துவனான பின்னும் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆத்துமாவின் கணக்கிலே சாதியை அடித்துவிட்டு உடலின் கணக்கிலே வரவு வைத்துவிட்டார்! ரோமாபுரியில் வழக்கு நடந்தது. 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, சில கட்டுப்பாடுகளோடு பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார். தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களை இகழவேண்டாம் என்ற வேண்டுகோளையும் அந்த ஆணையிலேயே சேர்த்திருந்தார். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. 1640 முதல் பிராமணரல்லாதாருக்கெனப் பண்டார சாமிகள் என்ற தனிப்பாதிரிமார் வந்தனர். மேல்சாதியாருக்கு ஒரு குரு, கீழ்ச்சாதியாருக்கு ஒரு குரு. இருவரும் ஒரே சபையின் துறவிகள். கூடி உண்பதைக் கூடத் தவிர்த்தார்கள்.

வரலாற்றின் வேடிக்கை 1704-இல் உச்சத்தை அடைந்தது. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மதுரை முதலிய பகுதிகளின் வழக்கங்களை ஆராய்ந்து, பதினாறு கட்டளைகள் பிறப்பித்தார். அவற்றுள் ஒன்று எச்சிலைப் பற்றியது. ஆம், எச்சிலேதான்! ஞானஸ்நானச் சடங்கிலே குரு தம் எச்சிலைத் தொட்டு வைப்பதும், முகத்திலே மூச்சு ஊதுவதும் கத்தோலிக்க முறை. இங்கே உயர்சாதியார் அருவருப்பார்கள் என்று அவற்றைக் கைவிட்டிருந்தார்கள். மனிதனை மனிதனாக்கியதே கடவுள் ஊதிய மூச்சு என்று கற்பித்த சபை, அந்த மூச்சை ஊதிக் காட்டுவதற்கே சாதிக்கு அஞ்சியது! இன்னொரு கட்டளை இதைவிடக் கடுமையான உண்மையை அம்பலப்படுத்தியது. பறையர் குடியைச் சேர்ந்த கிறித்துவர் சாகக் கிடந்தால், குரு அவர் குடிசைக்குள் போகமாட்டார். நோயாளியை வெளியே எடுத்து வரவேண்டும். அப்படிச் செய்யலாகாது, வீட்டுக்குள் சென்றே இறுதிச் சடங்கு தரவேண்டும் என்று கட்டளையிட்டார் தூர்னோன்.

மூச்சு நிற்கப்போகும் வேளையிலும் வாசற்படி! ஆத்துமாவை மோட்சத்துக்கு அனுப்ப வந்தவருக்கு, அந்த ஆத்துமா தங்கியிருந்த குடிசை தீட்டு. இந்தக் கட்டளையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஆணையிட்டபோது, கீழ்ப்படிவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பறையருக்கென்றே தனிப்பாதிரிமார்! மேல்சாதியாரிடம் போகும் பாதிரியார் குடிசைக்குள் போகவேண்டியதில்லை. குடிசைக்குள் போகும் பாதிரியார் மேல்சாதியாரிடம் போகவேண்டியதில்லை. ஆணையும் நிறைவேறிற்று, சாதியும் பிழைத்துக்கொண்டது.

கிழக்குச் சரிவு இப்படி என்றால், ஏலமலைத் தொடரின் மேற்குச் சரிவிலே, திருவிதாங்கூர்ப் பக்கம், வேறொரு காட்சி. ஏலம் அன்று திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். அந்த மலைகளிலே வாழ்ந்தவர்கள் மலை அரையர். 1848-இல் அவர்களுடைய தலைவர்கள் காட்டிலிருந்து இறங்கி, கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் இருந்த ஹென்றி பேக்கர் என்ற ஆங்கிலப் பாதிரியாரிடம் வந்து, தங்களுக்குக் கற்பிக்குமாறு கேட்டார்கள். அவர் தயங்கினார், மீண்டும் மீண்டும் வந்தார்கள். விலங்குகளைப் போலச் சாகிறோம், நாய்களைப் போலப் புதைக்கப்படுகிறோம் என்ற பொருள்பட அவர்கள் முறையிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மோட்சம் வேண்டும் என்பதைவிட, செத்த உடலுக்கேனும் மனித மதிப்பு வேண்டும் என்ற குரல்தான் நம் காதில் உரக்க விழுகிறது. முண்டக்கயத்திலே பணி தொடங்கிய பேக்கர், 1862-இல் அவர்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அந்த மலை மக்களுக்கும் ஆத்துமாவைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது என்பதுதான் சுவை. இறந்தவரின் உடலைப் புதைக்கும்போதே, உயிரை ஒரு கல்லிலோ பித்தளை உருவிலோ ஏற்றிவிட்டதாகக் கருதுவார்கள். சிறு பலகைக் கற்களை நட்டு, மூடிக்கல் வைத்து, குட்டிக் கல்லறை ஒன்று கட்டி, அதனுள் அந்தக் கல்லை வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை மூடியைத் தூக்கிப் பாலும் சாராயமும் நெய்யும் படைப்பார்கள். அதே மலைகளில் பாண்டிக்குழி என்று பெயர் பெற்ற பழங்காலக் கற்பதுக்கைகள் நிற்கின்றன; குட்டிக் கல்லறை அவற்றின் சிறு வடிவமே. கல்லிலே உயிர் தங்காது என்று நமக்கும் தெரியும், பேக்கருக்கும் தெரியும். ஆனாலும் தத்துவச் சங்கம் எதுவும் கூட்டாமல், செத்தவனை ஆண்டுக்கொருமுறை நினைப்பதற்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில், எவர் குடிசைக்குள் எவர் போகலாகாது என்ற விதி இல்லை.

பின்னர் மலை, தோட்டமாயிற்று. மூணாற்றிலே 1894 டிசம்பரில், தோட்ட அதிகாரி ஒருவரின் இளம் மனைவி எலினார் நைட் காலராவிலே இறந்தார். குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைதான் அங்கே முதலில் வந்தது. கோயிலுக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல்தான், வழிபாடு தொடங்கியது 1911-இல். உடலே முன்னே சென்று ஆலயத்துக்கு இடம் பிடித்தது! அந்த இளம்பெண்ணின் சாவு நமக்கும் துயரமே. ஆயினும் அதே காலராவிலும் அதே காய்ச்சலிலும் மாண்ட கூலிகளின் பெயரை எந்தக் கல்லிலே தேடுவது? டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இரும்புக் கம்பியிலே தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் பறந்து இறங்கின. அங்கிருந்து போடி வழியாக உலகச் சந்தைக்குப் போயின. பெட்டிக்குக் கம்பிப் பாதை. பெட்டியை நிரப்பியவனுக்கு அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்டவர்கள் எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். சில உடல்கள் கிடைக்கவே இல்லை.

போடிக்கு வடக்கே பழனி மலைமேல் கோடைக்கானல் உருவானதும் உடலின் பொருட்டே. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவாலும் காய்ச்சலாலும் மடியத் தொடங்கியதும், 1845-இல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆத்துமாவைக் காக்க வந்தவர்கள் உடலைக் காக்க மலையேறினார்கள் என்று நாம் கேலி பேசப்போவதில்லை. உயிர் எவருக்கும் வெல்லமே. அவர்களைப் பற்றிச் சொல்லவேண்டிய பெருமை ஒன்றுண்டு. 1847-இல் தம்மிடம் பணிபுரிந்த உபதேசிமாருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். மறைநூலிலே கேள்வி கேட்கவில்லை. ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் விளக்கு என்று கேட்கவில்லை. எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண் என்றார்கள். வேதம் ஓதிய நாக்குகள் பல அன்று விறைத்துக்கொண்டன! பலர் வேலையை விட்டே போனார்கள். தஞ்சைப் பக்கம் லைப்சிக் மிஷனாரோ, சாதி சமூக வழக்கம்தான், மெல்ல மெல்லப் போகும் என்று பொறுத்துக்கொண்டார்கள். நொபிலியின் வாதம் சீர்திருத்தச் சபையிலும் குடியேறியதைப் பாருங்கள். இரு வகையாரும் ஓதியது ஒரே வேதம். வேறுபட்டது ஒன்றே: ஒருவர் உடலைச் சோதித்தார், மற்றவர் ஆத்துமாவைச் சோதித்ததாகச் சொல்லிக்கொண்டார். ஆத்துமாவைச் சோதிப்பது எளிது. அது வாய்திறந்து மறுக்காதல்லவா!

சோதிக்காமல் விட்டதன் விளைவு செங்கல்லாகவே எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை, 1872-இல், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு கூடங்களாகக் கட்டினார்கள். ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார், இரண்டும் கூடும் இடத்தில் பீடம். 1910-இல் தடுப்பை இடித்தார்கள். இடித்தது தவறு, எங்கள் உரிமை பறிபோயிற்று என்று மேல்சாதிக் கிறித்துவர் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலோ தலித் கத்தோலிக்கரின் குழிகளையும் மற்றவர் குழிகளையும் பிரித்துச் சுவர் ஒன்று இருபத்தோராம் நூற்றாண்டிலும் நின்றது. நவம்பர் இரண்டாம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாள். சகல ஆத்துமாக்களுக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் சில ஆத்துமாக்கள், அந்தப் பக்கம் சில ஆத்துமாக்கள்! உடலே எழும் என்று அறிக்கையிடுவோர், எழும் உடல் எந்தப் பக்கம் எழும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் போலும்.

கிறித்துவரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சுவர் எழுப்பிய கைக்குச் சாதியைக் கற்றுக்கொடுத்தது ரோமாபுரி அல்ல, நம் ஊர். 1989-இல் போடிநாயக்கனூர் வட்டாரத்திலே சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோனபோது, அரிவாள் யாருடைய ஆத்துமாவையும் விசாரிக்கவில்லை. உடலின் பிறப்பை மட்டும் விசாரித்தது.

அரசாங்கமும் இந்த ஆத்துமா ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்துவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. கிறித்துவத்தில் சாதி இல்லை என்பது சொல்லப்படும் காரணம். நொபிலி ஆத்துமாவையும் உடலையும் பிரித்து, உடலுக்குச் சாதியை விட்டுவைத்தார். அரசின் ஆணையோ தலைகீழ்: ஆத்துமா மதம் மாறியதும் உடலின் சாதி கரைந்துவிட்டது என்கிறது. ஊர்க் கிணறும் தேநீர்க் கடையும் கல்லறைச் சுவரும் அந்த ஆணையைப் படித்ததில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குச் செல்பவர் வேலைக்காக மட்டும் இந்து என்று கூறிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் அதே ஜீப்பிலே, ஒரே சேரியிலிருந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து போகலாம். ஒருத்தியின் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றவர். மற்றவளின் பாட்டனார் பெறாதவர். கூலி ஒன்று, குனியும் முதுகு ஒன்று, ஊரார் வைத்த பெயரும் ஒன்று. தமிழ்நாட்டு அரசுப் பட்டியலில் முதலாமவள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் மதம் மாறிய கிறித்துவர், இரண்டாமவள் ஆதிதிராவிடர். போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால், முதலாமவளைப் போன்றோருக்கு அங்கே வேறு பட்டியல், வேறு பெயர், வேறு சலுகை. சாவடியிலே ஜீப் நிற்கும்போது இருவரும் இறங்கி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, பனியிலே நடுங்கியபடி ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் குடிக்கிறார்கள். மூச்சு விடும்போது இருவர் வாயிலிருந்தும் ஆவி எழுகிறது.